கண்ணீர் அஞ்சலிக்கு வந்தவள்

ஜூன் 10

ரத்த அழுத்தம் ஏறிவிட்டதாம். "கோவத்த உள்ளயே வெச்சுக்காதீங்க, யார்கிட்டயாவது கொட்டுங்க. ஆள் இல்லைன்னா எழுதுங்க" என்றார் டாக்டர். கொட்ட ஆள் இல்லை. அதனால் பழைய டைரி ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். படிக்கப்போகிறவன் எவனும் இல்லை என்பதால் நாகரிகம் பார்க்கப்போவதும் இல்லை.

படப்பிடிப்புகளில் ஒலிப்பதிவு செய்வது என் தொழில். நீளக் கம்பில் மைக்கைக் கட்டிப் பேசுகிறவன் தலைக்கு மேலே பிடிக்க வேண்டும், சட்டைக்குள் சின்ன மைக்கைக் குத்திவிட வேண்டும், பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் பேசும் குப்பையையெல்லாம் காதில் வாங்க வேண்டும். இப்போது வாய்த்திருக்கும் குப்பை, உலகக் கோப்பைக் கால்பந்து பற்றி ஓர் ஆவணப்படம். ஆட்டத்தைப் பற்றி இல்லையாம், ரசிகர்களைப் பற்றியாம். உலகத்தில் ஐந்து ஊர்களில் எடுக்கிறார்கள், அதில் ஒன்று நம் வடசென்னை. இந்தப் பகுதிக்கு இயக்குநர் ப்ரணவ். நல்ல பள்ளிக்கூடம், வெளிநாட்டுப் படிப்பு, வாயைத் திறந்தால் "ரா", அதாவது பூச்சில்லாத பச்சை. "எல்லாம் ராவா இருக்கணும் மாசிலாமணி அண்ணா." இன்று சந்துக்குள் நுழைந்ததும் சாக்கடை நாற்றத்தை ஆழமாக மூச்சிழுத்து அனுபவித்தான். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

சந்தின் இந்தக் கோடியில் சுவரெல்லாம் மஞ்சள், பிரேசில். அந்தக் கோடியில் நீலமும் வெள்ளையும், அர்ஜென்டினா. நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய். காலையில் மைதானத்தில் சில பெண்கள் வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருந்தார்கள், நன்றாகவே ஆடினார்கள். அவர்களை எடுக்கலாமே என்றேன். "ஆடறவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க அண்ணா, எனக்குப் பைத்தியம் வேணும்" என்றான் ப்ரணவ்.

பைத்தியம் உடனே கிடைத்தது. பெயர் லோகநாதன், தெருவுக்கு லோகு. ஆட்டோ ஓட்டுகிறான். மஞ்சள் பக்கத்துத் தலைவன். நாற்பத்தைந்து வயது, பால் பல் விழாத பிள்ளையின் சிரிப்பு. ப்ரணவ் அவனைக் கட்டிப்பிடித்தே விட்டான்.

தெருவின் வழக்கத்தை லோகுதான் சொன்னான். ஒரு கட்சி தோற்று வெளியே போனால் மறு கட்சி அதற்குச் சாவு எடுக்கும். பாடை, பறை, பூ இறைப்பு, கண்ணீர் அஞ்சலி பேனர் எல்லாம் உண்டு. பேனரில் ஆள் படத்துக்குப் பதில் தோற்ற நாட்டுக் கொடி இருக்கும். தோற்றவன் பின்னாலேயே ஒப்பாரி வைத்துக்கொண்டு வர வேண்டும். முடிவில் எல்லோருக்கும் டீ.

ப்ரணவின் கண் இரண்டும் மின்னியதைப் பார்த்தேன். பிணத்தைக் கண்ட கழுகுக்குத்தான் அப்படி மின்னும்.

ஜூன் 12

லோகு வீட்டில் பேட்டி. ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு பீரோ, சுவர் அளவுக்கு ஒரு டிவி. பீரோவின் கதவு நடுவில் குழிந்திருந்தது.

"இது மூணாவது டிவி சார். தோத்தா ஒடச்சிருவேன், கண்ட்ரோல் ஆவாது எனுக்கு" என்று சொல்லிச் சிரித்தான். யூனிட்டே சிரித்தது. கேமராமேன் ஜெரால்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் படம் ஆடிப்போய் மறுபடி எடுத்தோம். மறுபடியும் அதே இடத்தில் அதே சிரிப்பு.

"வீட்ல யாரும் இல்லையா?" என்று கேட்டான் ப்ரணவ்.

"என் ஒய்ஃபு ரெஜினா போன வேர்ல்டு கப்போட போய்ட்டா சார். சின்னச் சண்ட. என்னிக்காவது வருவா. அவளும் பிரேசிலு தான்." சொல்லும்போதே கண்ணில் நீர். ப்ரணவ் ஜெரால்டைப் பார்த்துக் கையை மெதுவாக அசைத்தான், கிட்டே போ என்று அர்த்தம். கிட்டே போனார்கள். நீரும் நல்ல பிள்ளையாக வழிந்தது.

வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுப் பவுனம்மாளிடம், "அந்தம்மா எப்படிப்பட்டவங்க?" என்று ப்ரணவ் விசாரித்தான். அந்த அம்மாள் துடைப்பத்தைக் கீழே வைக்கவேயில்லை. "அத்த என்னாண்ட கேக்காதப்பா" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

"கேமரா கூச்சம்" என்றான் ப்ரணவ். உளறல். கேமரா கூச்சம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 17

பிரேசிலின் முதல் ஆட்டம். சமன். கோல் விழுந்த நேரம் பார்த்து ஜெரால்டின் பாட்டரி செத்துப்போனது. அதனால் ஆட்டம் முடிந்த பிறகு அணைந்து கிடந்த டிவியின் முன்னால் எல்லோரையும் உட்கார வைத்து, "ஒன், டூ, த்ரீ, கோல்!" என்று ப்ரணவ் கத்த, நாற்பது பேர் எழுந்து குதித்தார்கள். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. கடைசித் தடவை ஒருவன் நிஜமாகவே அழுதான். இருட்டுத் திரையைப் பார்த்து அழுகிறான், கர்மம்.

இதற்குப் பெயர் ஆவணப்படம். வீட்டுக்கு வந்து சோடா குடித்தும் நெஞ்சில் நின்றது இறங்கவில்லை.

ஜூன் 21

யூனிட் சாப்பாடு. சாம்பாரில் தீக்குச்சி.

ஜூன் 26

இன்று ஜெயித்தார்கள். காலையிலேயே பிரேசில் வீரனின் கட் அவுட்டுக்குப் பாலாபிஷேகம். கொட்டிய பால் வெயிலில் திரிந்து, சாக்கடையோடு சேர்ந்து ஒரு நாற்றம், அப்பப்பா. அதில் நின்றுகொண்டு இரண்டு மணி நேரம் கம்பைத் தூக்கிப் பிடித்தேன். குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்களைப் ப்ரணவ் ஓரமாகப் போகச் சொன்னான், படத்தில் விழுகிறார்களாம். அவர்கள் தெரு, அவர்கள் தண்ணீர், இவன் ஓரம் போகச் சொல்கிறான். அவர்களும் போனார்கள்.

லோகு ஜெயித்த குஷியில் குடித்துவிட்டு என் தோளில் கைபோட்டு, "நீ இன்னா டீமு தல?" என்றான். எனக்கு எந்த டீமும் இல்லை என்றேன். "அப்ப நீ மன்சனே இல்ல" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஜூலை 5

காலிறுதியில் பிரேசில் தோற்றது.

லோகு டிவியை உடைத்தான். முதலில் ரிமோட்டை எறிந்தான், பிறகு நாற்காலி. அவன் முகத்தை ஜெரால்டு எடுத்துக்கொண்டிருந்தான், நான் சத்தத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தில் வருத்தம் இல்லை. பல் நறநறக்கும் சத்தமும், சின்னதாக ஒரு முனகலும். அடிக்கும்போது சுகப்படுகிறவனின் முனகல் அது. மற்றவர்களுக்கு இது கேட்டிருக்காது, என் காதில்தானே ஹெட்போன் இருக்கிறது.

உடைத்து முடித்துத் திரும்பியவன் அறையில் வேறு எதையோ தேடுவது மாதிரி சுற்றிப் பார்த்தான். எதுவும் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணா, கோல்டு! தங்கம்!" என்றான் ப்ரணவ் என் காதில். எனக்கு வாயில் கசந்தது.

ஜூலை 6

சாவுக்கு ஏற்பாடு. நீலக் கட்சித் தலைவன் டில்லிபாபு வழக்கம்போல் கொடி போட்ட பேனர் அடிக்கத்தான் போனான். ப்ரணவ் தடுத்துவிட்டான். "கொடியைப் பார்த்தா வெளிநாட்டுக்காரனுக்கு என்ன புரியும்? ஒரு முகம் வேணும். லோகு அண்ணா முகம்."

டில்லிபாபு தயங்கினான். "உயிரோட இருக்கறவன் படத்த அதுல போடக்கூடாது சார். வெளாட்டுக்குக்கூட யாரும் போட்டதில்ல."

லோகுவே வந்து, "போடு மச்சான், எனுக்கு இன்னா" என்று ஆட்டோவில் இருந்து தன் போட்டோவை எடுத்துக் கொடுத்தான். நல்ல போட்டோ, சலவைச் சட்டை, நெற்றியில் குங்குமம். கீழே "இறந்த காரணம்: பெனால்டி" என்று டில்லிபாபு நக்கலாக ஒரு வரி எழுதியிருந்தான். அதையும் ப்ரணவ் எடுக்கச் சொல்லிவிட்டான், நிஜம் மாதிரி இருக்க வேண்டுமாம். ஆகவே பேனரில் நின்றது இவ்வளவுதான்: கண்ணீர் அஞ்சலி, ஆ. லோகநாதன், தோற்றம், மறைவு, கூப்பிய இரண்டு கைகள்.

மாலைக்குள் தெருப் பையன்கள் எல்லோருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் அதுதான்.

ஜூலை 7

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மதியம் மூன்று மணிக்குப் பாடை எடுப்பதாக ஏற்பாடு, வெளிச்சம் நன்றாக இருக்கும் என்பதால். லோகுவே பாடையில் ஏறிப் படுத்தான். மூக்கில் பஞ்சு, கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டு, நெற்றியில் ஒரு ரூபாய் நாணயம். மாலைக்கு அடியில் நான்தான் மைக்கைக் குத்தினேன். அவன் வயிறு சிரிப்பில் குலுங்கியது. "தல, நான் நாறுறனா?" என்று கேட்டான். நாறினான், சாராயமும் சாமந்தியும்.

பறை ஆரம்பித்தது. நீலச் சட்டைகள் ஆட, மஞ்சள் சட்டைகள் மார்பில் அடித்துக்கொண்டு கூச்சல். பாடையை இன்னும் தூக்கவில்லை. அப்போது கூட்டத்தின் ஓரமாக ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும், ஜவுளிக்கடைச் சீருடைப் புடவை, தோளில் பை, காலில் பஸ் ஏறி இறங்கிய புழுதி. அவளைப் பார்த்ததும் மஞ்சள் கூட்டம் வழிவிட்டது. "ரெஜினாடா" என்று யாரோ சொன்னது என் ஹெட்போனில் விழுந்தது. பறைக்காரர்கள் என்ன ஏது என்று புரியாமல் கையை நிறுத்தினார்கள்.

அவள் அழவில்லை. நேராகப் பாடையருகே வந்து குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவன் மாலைக்குள் இருந்த மைக் அவள் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவள் சொன்னதைத் தெருவில் வேறு ஒருவரும் கேட்டிருக்க முடியாது.

"நெஜமாவே போய்ட்டியா?" என்றாள். பிறகு ஒரு மூச்சு விட்டாள். "அப்பாடா."

லோகு கண்ணைத் திறந்தான்.

அவள் போட்ட சத்தத்தில் என் ஒலி மீட்டர் சிவப்புக்குப் போய்விட்டது. பின்னால் சாய்ந்து, டில்லிபாபு கையில் விழுந்தாள். தெரு ஒரு நொடி திகைத்துவிட்டு ஹோவென்று சிரித்தது. லோகு பாடையில் எழுந்து உட்கார்ந்து மூக்குப் பஞ்சைப் பிடுங்கினான். அவன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

"கட் பண்ணாத, கட் பண்ணாத" என்று ப்ரணவ் ஜெரால்டின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தான். அவன் கன்னத்தில் கண்ணீர். "என்ன லவ்ண்ணா! செத்துட்டார்னு தெரிஞ்சதும் ஓடி வந்திருக்காங்க பாருங்க." அவள் சொன்ன வார்த்தையை அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த ஷாட்டுக்கு ஓடிவிட்டான்.

அவளை யூனிட் வேனில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தோம். வீட்டில் விட்டுவரச் சொன்னான் ப்ரணவ். ஓட்டுநர் அன்வர் பாய், துணைக்கு நான். பாதி தூரம் போனோம். பிறகு அவளே ஆரம்பித்தாள்.

"எங்க கடைல ஒரு பொண்ணு இந்தாண்ட இருந்து வருது சார். அதான் போன்ல காட்டிச்சு. நேர்ல பாத்தாத்தான் நம்புவேன்னு வந்தேன்." கொஞ்சம் பொறுத்து, "பிரேசிலு தோத்தா அடி சார். ஜெயிச்சா குடி, குடிச்சா அடி. இது போன வேர்ல்டு கப்பு" என்று இடது மணிக்கட்டைக் காட்டினாள். எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது. "அன்னிக்கு ராத்திரி கட்டின பொடவையோட ஓடினவ. நாலு வருசமா எங்க இருக்கேன்னு அந்தாளுக்குத் தெரியாது."

குரோம்பேட்டையில் மேம்பாலத்தருகே இறக்கிவிடச் சொன்னாள். இறங்கும்போது கையெடுத்துக் கும்பிட்டாள். "படத்துல என் மூஞ்சி வராம பாத்துக்கோங்க சார். எங்க எறங்கினேன்னு யார் கேட்டாலும் சொல்லிடாதீங்க."

சரி என்றேன். எதிர்ச் சந்தில் பெண்கள் விடுதி என்று ஒரு பலகை இருந்தது. அதற்குள் போனாள்.

திரும்பும்போது அன்வர் பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பாவம் சார்" என்றார். பாவம்தான். எனக்குத் தலைவலி.

ஜூலை 8

படப்பிடிப்பு இல்லை. அறையில் உட்கார்ந்து ஒலித் துண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். லோகு பிரியாணிப் பொட்டலத்தோடு வந்துவிட்டான். என் காலடியில் உட்கார்ந்து அழுதான். திருந்திவிட்டானாம். குடிக்க மாட்டானாம், வேளாங்கண்ணிக்கு நடப்பானாம். ஒரே ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிடுவானாம். "நீதான தல வண்டில போன?" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டான். போடா என்றேன், போகவில்லை. ப்ரணவ் வேறு எட்டிப் பார்த்து, "பாவம் அண்ணா, சேர்ந்து வாழட்டுமே" என்று சொல்லிவிட்டுப் போனான். லோகு மூக்குச் சளியை என் வேட்டியில் துடைத்தான், சீ. ஒரு மணி நேரம். எனக்கு வேலை கிடக்கிறது. தொல்லை விட்டால் போதும் என்று ஏதோ சொல்லி அனுப்பினேன்.

பிரியாணி நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சல்.

ஜூலை 10

ப்ரணவ் ஒரே குதியாகக் குதிக்கிறான். லோகு அவளைக் கண்டுபிடித்துவிட்டானாம். நாளைக் காலை கடைக்குப் போகிற வழியில் பார்த்து மன்னிப்புக் கேட்கப் போகிறானாம், நாம் தூரத்தில் இருந்து எடுக்கப் போகிறோமாம்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று ப்ரணவ் கேட்டான்.

"மனசு சொல்லிச்சு சார்" என்று லோகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அந்தம்மாவுக்கு இதில் விருப்பம் இருக்கிறதா என்று கேட்டேன். "அதுதான் அண்ணா டிராமாவே" என்றான் ப்ரணவ். வர மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறு ஒலிப்பதிவாளன் வருவான், எனக்குத்தான் நஷ்டம். ஒரு முன்னெச்சரிக்கையாக நான் இருப்பதே நல்லது.

ஜூலை 11

கேமரா சாலைக்கு இந்தப் பக்கம், ஒரு டீக்கடையின் தட்டிக்குப் பின்னால். நீள லென்ஸ். லோகுவின் சட்டைக்குள் மைக். அவன் கையில் மல்லிகைப்பூ, ஒரு ஸ்வீட் பெட்டி. சலவைச் சட்டை, பேனரில் இருந்த அதே சட்டை.

அவள் சந்தில் இருந்து வெளியே வந்தாள். அவன் எதிரே போய் நின்றான். அவள் கல்லாகிவிட்டாள். அவன் பூவை நீட்டினான், சிரித்தான், தலையைச் சாய்த்து என்னவோ கெஞ்சுவது போல நின்றான். பார்க்க யாருக்கும் மனம் இளகும். ப்ரணவ் திரையைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். "பாருங்க, அசையவே முடியல அவங்களால. எவ்ளோ பாசம்" என்றான் கிசுகிசுப்பாக.

என் காதில் வந்தது இது:

"அப்பாடாவா? அப்பாடாவாடி? சிரி. எதுத்தாப்புல கேமரா இருக்குது. சிரிடி. கத்தின, உன் கடை வாசல்ல வெச்சே மூஞ்சிய கிழிச்சிருவேன். பூவ வாங்கு. தலைல வெய்யி. ஆட்டோல ஏறு."

அவள் பூவை வாங்கினாள். தலையில் வைத்துக்கொண்டாள். இரண்டு தடவை நழுவியது. ஆட்டோவில் ஏறினாள்.

யூனிட் கைதட்டியது. ஜெரால்டு கண்ணைத் துடைத்தான். டீக்கடைக்காரர்கூட, "குடும்பம்னா இப்படித்தான் இருக்கணும்" என்றார். ப்ரணவ் என் பக்கம் திரும்பி, "சவுண்டு எப்படி அண்ணா?" என்று கேட்டான்.

லெவல் சரியாக இருக்கிறது என்றேன்.

ஜூலை 12

இன்று இரண்டு தடவை வாந்தி. பிரியாணியாக இருக்காது, அது சாப்பிட்டு நாலு நாள் ஆகிறது.

ஜூலை 13

ப்ரணவை உட்கார வைத்து அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். முழுதாகக் கேட்டான். முகம் வெளுத்தது. என் மனம் கொஞ்சம் ஆறியது. பிறகு அவன், "இந்த ட்ராக்கை யூஸ் பண்ண வேண்டாம் அண்ணா. மேலே மியூசிக் போட்டுக்கலாம்" என்றான்.

"அந்தம்மா வீட்டுக்குள்ள என்ன கதியோ" என்றேன்.

"அது அவங்க பர்சனல். நாம அப்சர்வ் பண்ண வந்தவங்க, தலையிடக் கூடாது."

பாடையில் ஏற்றியது தலையீடு இல்லை, பேனர் அடித்தது தலையீடு இல்லை, டிவி முன்னால் அழ வைத்தது இல்லை. இது மட்டும் தலையீடு. தூ.

வெளியே வந்தேன். பவுனம்மாள் குழாயடியில் நின்றிருந்தாள். இத்தனை நாள் பேசாதவள் தானாகவே வந்தாள்.

"பூட்டு போட்டுட்டு சவாரிக்குப் போறான். அத்தோட போனையும் புடுங்கிட்டான். சன்னல் வழியா நான்தான் சோறு குடுக்கறேன். ஏம்பா, படிச்சவங்க இத்தன பேரு கேமராவ தூக்கினு திரியறீங்களே, எவன் போய் அவனாண்ட காட்டிக் குடுத்தான்?"

தெரியாது என்றேன். போலீசுக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன். "நாலு வருசம் முன்ன சொன்னோம். புருசன் பொண்டாட்டி வெவகாரம்னு அனுப்பிட்டாங்க" என்றாள்.

அவளிடம் ஏன் தெரியாது என்றேன் என்று எனக்கே விளங்கவில்லை.

ஜூலை 15

இறுதி ஆட்டம். மோதும் இரண்டு நாடுகளும் இந்தத் தெருவில் ஒருத்தருக்கும் சொந்தமில்லை, பந்தமில்லை. ஆனாலும் தெருவை அடைத்துப் பெரிய திரை, இருநூறு நாற்காலி. படத்தின் கடைசிக் காட்சியாம்: மஞ்சளும் நீலமும் கலந்து உட்கார, நடுவில் சேர்ந்துவிட்ட தம்பதி.

லோகுவும் அவளும் ஒரே மாதிரி மஞ்சள் ஜெர்சி போட்டு வந்தார்கள், அவள் தலையில் மல்லிகை. லோகுவுக்கு மைக் குத்தினேன். அடுத்து அவளுக்கு. காலரை விலக்கும்போது கழுத்தெலும்புக்குக் கீழே கன்றிப் போயிருந்தது. நீலமாக இல்லை, கறுப்பாக. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிளிப்பை மாட்டிவிட்டு விலகினேன்.

ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் அவள் குரல் கேட்டது. திரையைப் பார்த்தபடியே, உதடு அசையாமல் பேசினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோகுவுக்கே கேட்கவில்லை, அவ்வளவு சத்தம் தெருவில்.

"சார், கேக்குதா? கேட்டா தலைய சொறிங்க."

சொறிந்தேன்.

"நீங்கதான் சொன்னீங்கன்னு அந்தாளே சொல்லிச்சு. பிரியாணி வாங்கிக் குடுத்து கேட்டேன்னு சொல்லிச் சொல்லி அடிக்குது."

கம்பு என் கையில் தாழ்ந்துவிட்டது. ஜெரால்டு, "பூம் உள்ள வருது" என்று கத்தினான். மறுபடி உயர்த்தினேன். ஆமாம், சொன்னேன். மேம்பாலம், எதிர்ச் சந்து, விடுதிப் பலகை, எல்லாம் நான்தான் சொன்னேன். எட்டாம் தேதியில் இதை எழுதாமல் விட்டிருக்கிறேன். யாரும் படிக்கப்போவதில்லை என்று சொல்லிக்கொண்டேனே, பிறகு யாருக்குப் பயந்து மறைத்தேன்? இத்தனை நாளாக இந்தத் தெருவில் நாறுவது எது எது என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்த என்னை நினைத்தால்தான் இப்போது குமட்டுகிறது.

"இன்னிக்கு நைட்டு நான் உசுரோட இருக்க மாட்டேன் சார்" என்றாள். "இது முடிஞ்சி நீங்கள்லாம் போய்ட்டா அந்தாள யாரும் பாக்க மாட்டாங்க. இப்பவே கூட்டினு போங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

படப்பிடிப்பில் ஒலிப்பதிவாளனுக்கு மரியாதை கிடையாது. ஆனால் ஒரே ஓர் அதிகாரம் உண்டு. சவுண்டு சரியில்லை என்று அவன் சொன்னால் இயக்குநரே ஆனாலும் நிறுத்தியாக வேண்டும். கம்பைக் கீழே சாய்த்துவிட்டுக் கையைத் தூக்கினேன்.

"கட். அந்தம்மா மைக்ல கரகரன்னு வருது. மாத்தணும்."

"இப்பவா அண்ணா?" ப்ரணவ் தலையில் கைவைத்தான்.

"மாத்தலைன்னா உன் க்ளைமாக்ஸ் ஊமையாப் போயிடும், பரவாயில்லையா?"

"சீக்கிரம், சீக்கிரம்!"

அவள் எழுந்தாள். கூடவே லோகுவும் எழுந்தான். "நானும் வரேன்."

"உன் மைக் சரியாத்தான் இருக்கு" என்றேன்.

அவன் என்னை முறைத்து ஒரு அடி வைத்தான். அதற்குள் ப்ரணவ் கத்தினான்: "லோகு அண்ணா, நீங்க அசையாதீங்க! உங்க முகம்தான் ஃபிரேம். திரையைப் பாருங்க, அப்படியே ஏக்கமா பாருங்க!" ஜெரால்டு லென்ஸை அவன் முகத்துக்கு நேரே கொண்டுபோனான். ஒரு மாதமாகக் கேமராவுக்குப் பழகிய உடம்பு. லோகு உட்கார்ந்தான், தலையைச் சாய்த்தான், ஏக்கமாகப் பார்த்தான்.

வேன் தெருமுனையில் நின்றது. அவளை உள்ளே ஏற்றிவிட்டு நானும் ஏறினேன். "எடுங்க பாய்" என்றேன். அன்வர் பாய் என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார், எடுத்துவிட்டார்.

ஹெட்போன் இன்னும் என் காதில்தான் இருந்தது. லோகுவின் மைக் பேசிக்கொண்டிருந்தது. முதலில் மூச்சு, பிறகு "எங்கடா இன்னும் காணோம்", பிறகு நாற்காலி விழும் சத்தம், "டேய்" என்று ஒரு கத்தல். வண்டி பெரிய சாலையில் திரும்பியதும் குரல் உடைந்து வெறும் இரைச்சலானது. ஹெட்போனைக் கழற்றினேன். அவள் ஜெர்சியில் இருந்த மைக்கைத் தானே பிடுங்கி என் மடியில் போட்டாள்.

"அந்தப் பதிவு என்கிட்ட இருக்கு" என்றேன். "அன்னிக்கு ரோட்டுல அவன் உங்ககிட்ட பேசினது எல்லாம். எங்க வேணா வந்து சொல்றேன். நான் சொன்னது தப்புன்னும் சேத்துச் சொல்றேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பித் தலையில் வாடிப்போயிருந்த மல்லிகையைப் பிய்த்து வெளியே போட்டாள்.

பாலம் ஏறும்போது அன்வர் பாய், "எங்கம்மா போவணும்?" என்று கேட்டார்.

அவள் வாயைத் திறந்தாள். சொல்ல வந்தவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. வழியில் கிடக்கும் பள்ளத்தைப் பார்த்து நடப்பவர்கள் பார்ப்பது மாதிரிப் பார்த்தாள்.

"மொதல்ல இவர எங்கனா எறக்கி வுடுங்க பாய். இவரு எறங்கினப்புறம் சொல்றேன்."

அன்வர் பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பாலம் இறங்கியதும் ஓரமாக நிறுத்தினார். பதிவு இருந்த மெமரி கார்டை எடுத்து அன்வர் பாயிடம், "அவங்ககிட்ட குடுத்துடுங்க" என்று கொடுத்துவிட்டு இறங்கினேன். அவளே உள்ளேயிருந்து கதவை இழுத்துச் சாத்தினாள்.

வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டேன். சத்தம் முழுசாக அடங்கும் வரை காதையும் பொத்திக்கொண்டேன். யாராவது வந்து கேட்டால், எனக்குத் தெரியாது.